அரைவேக்காடு: ஒரு விருத்தாசல ஆய்வேடு

பாயிரம்

பாயிரம் இல்லாமல் நூல் செய்வது தமிழ் மரபில்லை. செய்தவன் பெயரில் தொடங்கி, வழி, எல்லை, கேட்போர், பயன் என்று எட்டு விஷயங்களை வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சொல்லிவிடுகிறேன். இந்நூல் செய்தவன் விருத்தாசலத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவன். மொட்டை மாடிக்குக் கீழே மே மாதத்தைக் கழித்தவனுக்கு வெப்பம் பற்றி எழுத வேறு தகுதிச் சான்று தேவையில்லை. வழி: இப்பொருளில் முன்னூல் எதுவும் என் கைக்குக் கிட்டாததால் இதையே முதல்நூலாகக் கொள்க. எல்லை: ரயில்வே ஜங்ஷனிலிருந்து பழமலைநாதர் கோயில் வரை, இடையில் உள்ள டீக்கடைகள் உட்பட. கேட்போர்: வீட்டில் யாரும் இல்லை. பயன்: காலையில் ஒரு முட்டை.

நுதலிய பொருளைச் சொல்வதில்தான் சிக்கல். ஓட்டை உடைக்காமல் தண்ணீரில் வேகவைத்து, வெள்ளை திரண்டும் மஞ்சள் திரளாமலும் இருக்கிற பக்குவத்தில் எடுத்த முட்டை. ஒரு முழு வாக்கியத்தைச் செலவழித்தால்தான் இந்தப் பண்டத்தைத் தமிழில் அடையாளம் காட்ட முடிகிறது. இதற்கென்று ஒரு சொல் இருந்தது. அதை வேறொரு முட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

சொல்லதிகாரம்

ஆய்வு ஆரம்பித்தது ஒரு தள்ளுவண்டிக் கடையில். இரவு எட்டரை மணி இருக்கும். “ஒரு ஆஃப் பாயில்” என்றேன். மாஸ்டர் தோசைக்கல்லில் எண்ணெயைச் சுழற்றி, முட்டையைக் கல்லின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டி உடைத்து ஊற்றி, மிளகுத்தூளும் உப்பும் தூவி, திருப்பிப் போடாமல் அப்படியே வழித்துத் தட்டில் வைத்தார். “பாயில்னா கொதிக்க வைக்கிறது இல்லீங்களா?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பின்னால் நின்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

தமிழ்நாட்டில் ஆஃப் பாயில் என்பது தண்ணீரையே அறியாத முட்டை. அதைத் திருப்பிப் போட்டால் ஃபுல் பாயில். அதற்கும் தண்ணீரோடு உறவு கிடையாது. கொதித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை வாங்கி, கொதிக்கவே கொதிக்காத பண்டத்துக்கு வைத்து, அதில் பாதி, முழுசு என்று பாகுபாடும் செய்த இனம் உலகத்தில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. உண்மையிலேயே கொதித்த முட்டைக்கு “அவிச்ச முட்டை” என்று நல்ல தமிழ்ப் பெயர் இருக்கிறது. அதாவது இங்கிலீஷ் பெயர் கல்லில், தமிழ்ப் பெயர் தண்ணீரில்.

இந்தக் குழப்பம் கடல் தாண்டினால் முற்றுகிறது. சிங்கப்பூர், மலேசியாவின் காப்பிக்கடைகளில் ஆஃப் பாயில் என்று கேட்டால், ஓட்டோடு வெந்நீரில் ஊறி இளகிய நிலையிலுள்ள இரண்டு முட்டைகளைச் சிறு தட்டில் உடைத்து ஊற்றி, கறுப்பு சோயா சாஸும் வெள்ளை மிளகுத்தூளும் பக்கத்தில் வைப்பார்கள். நம்மூரிலிருந்து வேலைக்குப் போய் இறங்கிய முதல் நாள் காலையில் ஆஃப் பாயில் கேட்கிறவர் இந்தத் தட்டைப் பார்த்துத் திகைக்க, கடைக்காரர் இவர் திகைப்பைப் பார்த்துத் திகைக்க, இருவருமே தத்தம் அகராதிப்படி சரி. ஈழத்தமிழர் “அரை அவியல்” என்று சொல்லி, சண்டைக்கே இடமில்லாமல் செய்துவிட்டார்கள். அந்தச் சொல்லை நாம் கடன் வாங்கலாம். ஆனால் இந்தப் பக்கம் அவியல் என்றால் தேங்காய், தயிர், முருங்கைக்காய் என்று கிளம்பிவிடுவார்கள்.

“அரைவேக்காடு” என்று நேராகச் சொல்லலாமே எனின், அது வசவு. பேச்சில் பக்குவம் இல்லாதவன் அரைவேக்காடு. புத்தி கெட்டவன் கூமுட்டை. பரீட்சையில் ஒன்றும் எழுதாதவன் வாங்குவது முட்டை. இந்த ஆய்வின் தலைப்பை நான் வீட்டில் சொன்னபோது, மூன்று பொருளிலும் அது எனக்குப் பொருந்துவதாக ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. முன்வைத்தவர் ஆய்வுக்குழுவின் எஞ்சிய ஒரே உறுப்பினர் என்பதால் பதிவு செய்கிறேன்.

வினைச்சொல்லிலும் ஒரு விசேஷம் உண்டு. கோழியும் முட்டையைப் பொரிக்கிறது, மாஸ்டரும் முட்டையைப் பொரிக்கிறார். ஒரே வினை, ஒன்றில் குஞ்சு வருகிறது, மற்றதில் மிளகுத்தூள் வருகிறது. கோழி சுமார் 37.5 டிகிரி செல்சியஸில் 21 நாள் எடுத்துக்கொள்கிறது. மாஸ்டருக்கு ஒரு நிமிஷம் போதும். சூடும் நேரமும் சேர்ந்துதான் முட்டையின் தலையெழுத்தை எழுதுகின்றன என்பதைத் தமிழ் இந்த ஒரு சொல்லிலேயே ஒளித்து வைத்திருக்கிறது. அப்போது நான் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டேன். பின்னால் ஒரு சூளைக்காரர் சொல்லித்தான் திரும்பி வந்தேன்.

ஓட்டோடு அரைகுறையாக வெந்த முட்டைக்கு ஏன் நம்மிடம் பெயர் இல்லாமல் போனது? என் கருதுகோள்: அரசாங்கம். எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989இல் முட்டை வந்து சேர்ந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. பிறகு படிப்படியாக ஏறி, பள்ளி நாள்தோறும் ஒன்று என்றானது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பிள்ளைகள் முட்டையை முதன்முதலில் முழுசாகச் சந்தித்தது தட்டின் ஓரத்தில், நன்றாக வெந்து, மஞ்சளைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையத்தோடு. அண்டாவில் நூற்றுக்கணக்கில் அவிக்கும்போது வேறு பக்குவம் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. பிள்ளைகள் வயிற்றுக்குக் கெட்டி முட்டைதான் பத்திரம். பச்சை முட்டை மயோனைசுக்கு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்ட மாநிலம் இது. மஞ்சள் ஒழுகுவதை அரசு சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் நோயாளிகளும் இந்த ஆய்வேட்டை இந்த இடத்தோடு மூடிவிட்டு அவித்த முட்டைக்குப் போய்விடலாம்.

மற்றவர்களுக்காக, சொல் இல்லாத இடத்தில் இலக்கணமாவது இருக்கட்டும் என்று ஒரு நூற்பா யாத்திருக்கிறேன்:

வெள்ளை திரண்டு மஞ்சள் நெகிழ
ஓட்டொடு வெந்தது அரைவேக் காடே.

இதன் உரை: “ஓட்டொடு” என்றதனால் தோசைக்கல்லில் ஊற்றியது விலக்கப்பட்டது. “திரண்டு” என முன் வைத்ததனால் வெள்ளை முந்தித் திரள வேண்டும் என்பது பெற்றாம். “நெகிழ” என்றது, ஒழுகுதலும் அன்று, நிற்றலும் அன்று, கரண்டி பட்டால் யோசித்து அசைதல் என்றவாறு. ஏகாரம் தேற்றம். ஈற்றசை என்பாரும் உளர். அவர்கள் முட்டை சாப்பிடாதவர்கள்.

சூட்டதிகாரம்

முட்டை என்பது இரண்டு சமையலை ஒரே ஓட்டுக்குள் அடைத்த பொருள். வெள்ளைக்கருவின் புரதங்களில் ஒன்று 61, 62 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். அதில் பாதிக்கு மேல் இருக்கிற ஓவால்புமின் என்பதோ 80 டிகிரியைத் தாண்டாமல் மசியாது. மஞ்சள்கரு 65இல் கனக்க ஆரம்பித்து 70இல் கெட்டிப்பட்டுவிடும். வெள்ளைக்கு நிறையச் சூடு வேண்டும், மஞ்சளுக்குக் குறைவாக வேண்டும், ஆனால் மஞ்சள் உள்ளே இருக்கிறது. மாமியாருக்குக் காரம், மருமகளுக்குக் காரமில்லை, சட்டி ஒன்று. வெளியிலிருந்து உள்ளே சூடு போய்ச் சேர ஆகிற தாமதம் ஒன்றுதான் சமையல்காரருக்கு இருக்கிற சந்து. அந்தச் சந்துக்குள் புகுந்து வெளியே வந்துவிட வேண்டும்.

எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் சார்லஸ் வில்லியம்ஸ் இதற்கு ஒரு சூத்திரமே எழுதியிருக்கிறார். முட்டையின் எடை, அதன் ஆரம்பச் சூடு, தண்ணீரின் சூடு மூன்றையும் கொடுத்தால், மஞ்சளின் விளிம்பு 63 டிகிரியைத் தொட எத்தனை வினாடி என்று அது சொல்லும். நடுவில் ஒரு மடக்கை வரும். பத்தாம் வகுப்போடு விட்ட உறவு. நாமக்கல்லிலிருந்து அட்டையில் வந்து இறங்குகிற 50 கிராம் முட்டையை வைத்துப் போட்டுப் பார்த்தேன். குளிர்பெட்டியிலிருந்து 4 டிகிரியில் எடுத்த முட்டைக்கு 4 நிமிடம் 9 வினாடி. அதே முட்டை விருத்தாசலத்து மளிகைக்கடை வாசலில், மே மாதத்தில், 36 டிகிரியில் உட்கார்ந்திருந்தால்? 1 நிமிடம் 40 வினாடி.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வெளிநாட்டுச் சமையல் புத்தகங்களை நம்பி நாம் கெட்டதற்கு இதுதான் காரணம். அங்கே முட்டை குளிரிலிருந்து பயணம் கிளம்புகிறது. நம் முட்டை அக்னி நட்சத்திரத்தில் பாதி வழி வந்து காத்திருக்கிறது. இன்னும் ஒன்றரை டிகிரி ஏறினால் கோழிக்குச் சம்பளம் இல்லாத விடுப்பு. கூண்டுக் கோழி சேவலைப் பார்த்ததில்லை என்பதால் மளிகைக்கடையில் கீச் கீச் சத்தம் கேட்கவில்லை. ஊட்டிக்குப் போனால் கணக்கு இன்னொரு பக்கம் புரளும். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் முட்டைக்குக் கூடுதல் நேரம் வேண்டும். தேனிலவுக்குப் போனவர்கள் பொறுமையாக இருக்கவும்.

1 நிமிடம் 40 வினாடியை நம்பி எடுத்த முட்டையை உடைத்தேன். வெள்ளை நீராகாரம் மாதிரி ஓடியது.

சூத்திரம் தப்பா, சட்டி தப்பா என்று விசாரிக்க, பீங்கான் ஊரில் பீங்கான்காரரைத்தான் கேட்க வேண்டும். விருத்தாசலம் செராமிக் ஊர் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் பாதிதான் தெரியும். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண், பீங்கான் படிப்புக்கென்றே ஓர் அரசுப் பயிலகம், தொழிற்பேட்டையில் வரிசையாகச் சிறு பட்டறைகள். கார்த்திகைக்கு அகல், கொலுவுக்குப் பொம்மை, மின்கம்பத்துக்கு இன்சுலேட்டர். களிமண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால், அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உள்சுவரில் மண்ணைத் தோலாகப் படியவிடும். மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் பிரித்தால் உள்ளே காலியாக ஒரு பிள்ளையார். ஓரத்தில் திரண்டு நடுவில் ஒழுகுகிற பக்குவம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

டீக்கடை பெஞ்சில் பழக்கமான ஒரு பெரியவர், வாழ்நாள் முழுக்கச் சூளை எரித்தவர். புருவத்தில் முடி குறைவு. அவரிடம் சூத்திரத்தைக் காட்டினேன். தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“சார், எத்தினி முட்டை போட்டீங்க?”

“நாலுண்ணே.”

“தண்ணி?”

“முட்டை முங்குற அளவு.”

“போட்டதும் கொதி அடங்கிருக்குமே. காலிச் சூளையும் நெறஞ்ச சூளையும் ஒண்ணா?”

எக்ஸெட்டர் சூத்திரம் தண்ணீர் கடைசி வரை 100 டிகிரியிலேயே நிற்கும் என்று நம்புகிறது. என் வீட்டுக் குண்டானில் நான்கு முட்டை விழுந்ததும் கொதி செத்து, மறுபடி உயிர் வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அந்த நிமிடம் எந்தக் கணக்கிலும் இல்லை. அதுதான் நீராகாரம்.

பிறகு அவர் கோன் பற்றிச் சொன்னார். இந்த ஆய்வின் உயிர்நாடி இது. சூளைக்குள் சூடு 1200 டிகிரிக்கு மேல் போகும்போது, மீட்டர் ஒரு பக்கம் இருந்தாலும், பார்க்கிற ஓட்டைக்கு நேராக விரல் நீளத்தில் சின்னச் சின்ன மண் கூம்புகளை நட்டு வைப்பார்கள். பெர்லினில் ஹெர்மன் ஸேகர் என்பவர் 1886இல் வெளியிட்ட ஏற்பாடு. உரிய பதம் வந்ததும் கூம்பு தலை குனியும். அதைப் பார்த்துத்தான் எரிப்பை நிறுத்துவார்கள்.

“கோன் விழணும் சார். மீட்டர் என்னா வேணா சொல்லட்டும். அவசரமா ஏத்துனா கூடுதல் சூட்டுலதான் விழும். நிதானமா ஏத்துனா கம்மி சூட்டுலயே சாஞ்சிரும்.”

கோன் அளப்பது சூட்டை அல்ல. சூடும் நேரமும் சேர்ந்து செய்த வேலையை. கோழியும் தோசை மாஸ்டரும் ஒரே வினைச்சொல்லைப் பங்குபோட்டுக்கொண்டதன் காரணம் எனக்கு அந்த பெஞ்சில்தான் உறைத்தது. முட்டைக்கு வேண்டியது கடிகாரமும் இல்லை, வெப்பமானியும் இல்லை. ஒரு கோன்.

உடனே செய்தேன். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரிக்குள் உருகும். மஞ்சள் விளிம்புக்கு வில்லியம்ஸ் கேட்கிற சூடும் அதே 63. இயற்கையே கைகாட்டிய மாதிரி இருந்தது. நாட்டு மருந்துக் கடையில் மெழுகு வாங்கி, ஒரு அங்குல உயரத்தில் கூம்பு பிடித்து, உடைந்த பீங்கான் சில்லில் ஒட்டி, பச்சைத் தண்ணீரில் முட்டைகளோடு இறக்கி, அடுப்பைப் பற்றவைத்தேன். தலை அழகாகக் குனிந்தது. கை தட்டினேன். முட்டையை எடுத்து உடைத்தால் பச்சை. முட்டை மேலெல்லாம் மெழுகுப் படலம். குண்டான் என்று நான் எடுத்தது பால் காய்ச்சுகிற பாத்திரம் என்பது மறுநாள் காப்பியில் தெரிந்தது. ஆய்வுக்குழு இரண்டு நாள் கூடவில்லை.

பெரியவர் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “கோனும் சாமானும் ஒரே சாதி மண்ணு சார். கோன் வெந்தா சாமானும் வெந்துருக்கும். மெழுகும் முட்டையும் ஒண்ணா? மெழுகு தண்ணியில நிக்கிது, மஞ்சக்கரு ஓட்டுக்குள்ள இருக்குது.”

சரிதான். ஸேகரின் கூம்பில் இருப்பதும் களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், சுண்ணாம்பு. சூளையில் வேகிற சாமானின் பங்காளி. அப்படியானால் முட்டைக்குக் கோன் முட்டைதான். நான்கில் ஒன்றை முன்னதாக எடுத்து உடைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த முறைக்கு விருத்தாசலத்திலேயே முன்மாதிரி உண்டு. சுந்தரர் இந்தத் திருமுதுகுன்றத்தில் இறைவனிடம் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று பழமொழியே இருக்கிறது. பலர் கவனிக்காதது, போடுவதற்கு முன் அந்தப் பொன்னிலிருந்து கொஞ்சம் மச்சமாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார் என்பது. குளத்தில் கிடைத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்து, மாற்றுக் குறைகிறது என்று இறைவனிடமே முறையிட்டு, சரி செய்து வாங்கினார். கடவுள் கொடுத்தாலும் சாம்பிள் எடுத்துக்கொள் என்கிற அறிவியல் மனப்பான்மைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மச்ச முட்டை முறையில் ஒரே குறை. மச்சத்தை எடுத்து, ஊதி ஊதி, விரலைச் சுட்டுக்கொண்டு, உடைத்து, பார்த்து, சரியாக இருக்கிறது என்று முடிவுக்கு வருவதற்குள் சட்டியில் இருக்கிற மற்ற மூன்றும் கெட்டிப்பட்டுவிடுகின்றன. மச்சம் மட்டும்தான் எப்போதும் சரியாக இருக்கிறது. எனவே தினமும் நான் மச்சத்தைச் சாப்பிட்டேன். மூன்றை ஆய்வுக்குழுவின் மற்ற உறுப்பினர் அவித்த முட்டையாக ஏற்றுக்கொண்டார். இது ஒருவகைச் சமாதான உடன்படிக்கை.

இத்தாலிக்காரர்கள் வேறு வழி கண்டிருக்கிறார்கள். நேப்பிள்ஸ் நகர ஆய்வாளர்கள் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட முறை: முட்டையை 100 டிகிரித் தண்ணீரில் இரண்டு நிமிடம், 30 டிகிரித் தண்ணீரில் இரண்டு நிமிடம், மாற்றி மாற்றி மொத்தம் 32 நிமிடம். வெளியே வெள்ளை ஏறி இறங்கிக்கொண்டிருக்க, உள்ளே மஞ்சள் நிம்மதியாக 67 டிகிரிப் பக்கம் நின்றுவிடுமாம். கணக்கு அழகு, மறுக்கவில்லை. ஆனால் மே மாத மத்தியானம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரை 30 டிகிரிக்கு இறக்க ஐஸ் வாங்க வேண்டும் என்பதை நேப்பிள்ஸ் யோசிக்கவில்லை. தவிரவும் ஒரு முட்டைக்காக 32 நிமிடம் அடுப்படியில் இரண்டு சட்டிக்கு நடுவே நின்றால், சிலிண்டர் வாங்கித் தருகிறவர் ஒருவர் கேள்வி கேட்பார்.

தாங்கு அதிகாரம்

அரைவேக்காட்டு முட்டை தானாக நிற்காது. நிற்க வைத்து, தலையைச் சீவி, கரண்டியால் உள்ளிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். வெள்ளைக்காரன் அதற்கென்று சின்னக் கிண்ணம் செய்தான். ஜெர்மானியர்கள் ஓட்டில் வட்டமாக விரிசல் விடவைக்க ஒரு கருவியே செய்து, அதற்கு அயர்ஷாலன்ஸோல்ப்ருக்ஷ்டெல்லன்ஃபெருஸாகர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். “முட்டை ஓட்டில் உடைய வேண்டிய இடத்தை உண்டாக்குவது” என்று பொருள். தமிழில் தொகைச்சொல் நீளம் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும்.

எந்த முனையை உடைப்பது என்பதில் ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் இரண்டு தேசங்களையே சண்டைக்கு விட்டார்: குண்டு முனைக் கட்சி, கூர் முனைக் கட்சி. அந்தக் கட்சிப் பெயர்களை 1980இல் டேனி கோஹன் என்ற கணினிக்காரர் எடுத்து, எண்களைக் கணினி எந்த முனையிலிருந்து அடுக்குகிறது என்கிற தகராறுக்கு வைத்தார். இன்றைக்கும் அதுதான் பெயர். கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று கோர்ட்டுக்குப் போன நமக்கு இதெல்லாம் அதிசயமில்லை. என் தீர்ப்பு குண்டு முனை. காற்றறை அங்கேதான் இருக்கிறது. உடைத்தால் முதலில் வருவது காற்று, கையில் வழிவது ஒன்றுமில்லை.

இந்தக் கிண்ணத்தைத் தேடி விருத்தாசலத்தில் ஐந்தாறு கடை ஏறி இறங்கினேன். மயில், வாத்து, ராதாகிருஷ்ணர், உண்டியல், அகல் பத்து வகை. முட்டைக் கிண்ணம் என்றதும் ஒரு கடைப் பெண்மணி உள்ளே போய், முட்டை வடிவத்தில் ஒரு உண்டியல் எடுத்து வந்தார். காசு போடும் வாய் குண்டு முனையில் இருந்தது. வாங்கிக்கொண்டேன். அகலில் வைத்துப் பார்த்தால் முட்டை சாய்ந்து படுத்துவிடுகிறது. டீ கிளாஸில் வைத்தால் உள்ளே போய்விடுகிறது. பிறகு கிளாஸைத்தான் உடைக்க வேண்டும்.

வழி காட்டியவர் மறுபடியும் பெரியவர்தான். ஒருநாள் காலை டீக்கடை பெஞ்சில், விளிம்பு சிதறித் தள்ளுபடியான பழைய மின்கம்பத்து இன்சுலேட்டர் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார். அடியில் இருக்கும் குழியில் முட்டை கூர் முனை கீழாக, ஆடாமல், பிறவியிலிருந்தே அங்கிருப்பது போல உட்கார்ந்திருந்தது. பழுப்பு மெருகு, மேலே வெள்ளை முட்டை. டீக்கரண்டியின் பின்பக்கத்தால் உச்சியில் மூன்று தட்டு. ஓட்டுச் சில்லை நகத்தால் நெம்பி எடுத்தார். காகிதப் பொட்டலத்திலிருந்து உப்பும் மிளகும் ஒரு சிட்டிகை. கரண்டி இறங்கியது. வெள்ளை விலகிக் கொடுத்தது. மஞ்சள் மெதுவாக, தேனும் இல்லாமல் தண்ணியும் இல்லாமல், வெள்ளைக்கு மேல் ஏறிப் பார்த்துவிட்டு விளிம்பில் நின்றது. நூற்பாவில் நான் எழுதிய “யோசித்து அசைதல்” அது. ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தாங்கப் பிறந்த பொருள் ஒரு முட்டையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

ஒழிபு

பிற இடங்களில் சொல்லாமல் விட்டவற்றைச் சொல்வது ஒழிபு.

அன்றைக்கு இட்ட முட்டையை ஓட்டோடு அவிக்காதே. தோல் வெள்ளையோடு ஒட்டிக்கொண்டு வரும். நாள் ஆக ஆக ஓட்டின் ஆயிரக்கணக்கான துளைகள் வழியே கரிவளி வெளியேறி, வெள்ளை காரத்தன்மை ஏறி, பிடியை விட்டுவிடும். நாமக்கல்லிலிருந்து நம் தெருவுக்கு வந்து சேர ஆகிற காலமே போதும். முட்டையைக் கொதிக்கிற தண்ணீரில்தான் இறக்க வேண்டும். பச்சைத் தண்ணீரிலிருந்து ஏற்றினால், ஒவ்வொரு அடுப்பும் ஒவ்வொரு வேகம் என்பதால் எந்தக் கணக்கும் நிற்காது. எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் போடாவிட்டால் ஓட்டுக்குள் இருக்கிற சூடு தன் வேலையைத் தொடரும். மிஞ்சும் ஓட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அதில் 94, 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். பொடித்துச் சேர்த்தால் பீங்கான் மெருகுக்கு வேண்டிய சுண்ணாம்பு. இந்த ஊரில் முட்டை ஓடுகூட வேலைக்குப் போகலாம்.

கடைசிக் கேள்வியைப் பெரியவரிடம் கேட்காமல் ஆய்வேட்டை முடிக்க முடியாது. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

“அண்ணே, எவ்ளோ நேரம் வச்சீங்க?”

“தண்ணி நல்லா கொதிச்சிது. கேட்டு போட்டான். முட்டையப் போட்டேன். வண்டி போச்சி, கேட்டத் தெறந்தான். எடுத்துட்டேன்.”

டீக்கடைக்கு எதிரே ரயில்வே கேட். விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நாலு பக்கமும் தண்டவாளம் போகிற ஊர். அவர் சொன்ன வண்டியை மறுநாள் கைப்பேசியில் நேரம் பிடித்தேன். கேட் இறங்கியதிலிருந்து ஏறியது வரை 4 நிமிடம் 20 வினாடி. எக்ஸெட்டரின் கணக்கோடு என் குண்டான் கொதி அடங்கும் நேரத்தையும் பதம் ஏற வேண்டிய நேரத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட அங்கேதான் வருகிறது. கோன் கிடைத்துவிட்டது, இந்திய ரயில்வே நட்டு வைத்திருக்கிறது.

அதற்கடுத்த நாள் அடுப்பையும் குண்டானையும் நான்கு முட்டையையும் டீக்கடைக்கே கொண்டுபோனேன். மாஸ்டரின் அனுமதியோடு பெஞ்சின் ஓரத்தில் தண்ணீர் கொதித்தது. கேட் இறங்கியது. முட்டையை இறக்கினேன். தூரத்தில் ஹாரன். பெரியவர் எழுந்து தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சார், எடுத்துருங்க. கூட்ஸு வருது.”

நான் ஆய்வாளன். முறையை நடுவில் மாற்றக் கூடாது. எண்ணிக்கொண்டே நின்றேன். 58 பெட்டி. முடிந்து கேட் திறக்கப் போகிற நேரத்தில், எதிர்ப்பக்கத்திலிருந்து பயணிகள் வண்டி வருகிறது என்று மறுபடியும் மணி அடித்தது.